கணக்கில் வராத வெப்பம்

தண்ணீரைப் பிரிக்க இரண்டு வழிகள் உண்டு. கரைந்திருப்பதை விட்டுத் தண்ணீரை மட்டும் போகவிடுவது ஒன்று. தண்ணீரையே தண்ணீராக இல்லாதபடி பிளப்பது மற்றொன்று. முதல் வேலை விழுப்புரம் மாவட்டத்து மரக்காணத்தில் ஆண்டுதோறும் தை மாதவாக்கில் தொடங்கி ஐப்பசி மழை இறங்கும்வரை நடக்கிறது. இரண்டாவதைப் பள்ளிக்கூட ஆய்வகத்தில் ஒரு பேட்டரியும் இரண்டு கம்பியும் வைத்து நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அதோடு நிற்காமல், வீட்டு கரண்ட்டையே நேர்மின்சாரமாக மாற்றித் தண்ணீருக்குள் விட்டால் எரிபொருள் கிடைக்காதா என்று மொட்டை மாடியில் முயன்று பார்க்கிறவர்களும் உண்டு. உப்பளத்தையும் அந்த மொட்டை மாடியையும் அருகருகே வைத்து யோசித்தால், மின்சாரத்தில் தொடங்கும் யோசனை மனிதரில் போய் முடிகிறது.

முதலில் உப்பளம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே, கழுவெளி ஏரி கடலை எட்டும் பக்கத்தில் கிடப்பது மரக்காணம். ஊரின் பூமீஸ்வரர் கோயிலில் உள்ள சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே உப்பளங்கள் பேசப்படுகின்றன. அன்றிலிருந்து இன்றுவரை தொழிலின் அடிப்படை மாறவில்லை. உப்புநீரைப் பாத்தியில் தேக்குவது, வெயிலில் சுண்டவிடுவது, அடுத்த பாத்திக்குத் திறப்பது, மறுபடியும் சுண்டவிடுவது. கடல்நீர் ஏறக்குறைய 3 டிகிரி. உப்பு விழத் தொடங்குவது 25 டிகிரியில். இந்த டிகிரி சூட்டைக் குறிப்பதில்லை. கண்ணாடி மிதவையை நீரில் விட்டுப் பார்த்துச் சொல்லும் அடர்த்தியின் அளவு. பதினைந்தை ஒட்டி ஜிப்சம் படியும். இருபத்தைந்தில் உப்பு. முப்பதை நெருங்கவிட்டால் மெக்னீசியத்தின் கசப்பு உப்போடு ஒட்டிக்கொள்ளும். அதற்குள் மிச்ச நீரை வடித்துவிட வேண்டும்.

உப்பு பிறப்பதைக் குனிந்து பார்க்க வேண்டும். காற்று ஓய்ந்த மதியத்தில் நீரின் மேல் சன்னமான ஏடு படரும். உற்றுப் பார்த்தால் அந்த ஏடு முழுக்க நடுவில் குழிந்த குட்டிச் சதுரங்கள். கனம் கூடியதும் ஒவ்வொன்றாக மூழ்கும். அடியில் சேர்ந்ததை, நீளக் கம்பில் பொருத்திய பலகையால் இழுத்து வரப்போரம் கூட்டுவார்கள். நீர் வடிந்ததும் கூடையில் அள்ளித் தலைச்சுமையாக மேட்டுக்குக் கொண்டுபோவார்கள். இதில் எதையும் அவசரப்படுத்த முடியாது. டிகிரி ஏறவில்லை என்றால் ஏறவில்லை, காத்திருக்க வேண்டியதுதான்.

நெருப்பு மூட்டாத வேலை என்பதால் இதில் சக்தியே செலவாகவில்லை என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் மலைப்பு வரும். ஒரு லிட்டர் கடல்நீரில் சமையல் உப்பாக இருப்பது சுமார் 27 கிராம். ஒரு கிலோ உப்புக்கு 37 லிட்டர் நீர் ஆவியாக வேண்டும். ஒரு லிட்டர் நீர் ஆவியாக 0.67 யூனிட் அளவுக்கு வெப்பம் தேவை. பெருக்கினால் 25 யூனிட். மளிகைக் கடையில் ஒரு பாக்கெட் கல்லுப்பை எடுக்கும்போது, குறைந்தது 25 யூனிட் வெயிலைக் கையில் எடுக்கிறோம். மின்வாரியம் வழங்கியிருந்தால் உப்புக்கு யாரும் உப்பு விலை சொல்லியிருக்க மாட்டார்கள். சூரியன் பில் அனுப்புவதில்லை என்பதால் அந்த 25 யூனிட் யாருடைய நோட்டிலும் எழுதப்படுவதில்லை.

இனி மொட்டை மாடி. தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிளக்க நினைப்பவருக்கு முதல் தடை, சுத்தமான நீர் மின்சாரத்தை லேசில் கடத்தாது என்பது. ஒன்பது வோல்ட் பேட்டரியில் கம்பியின் நுனியில் ஏதோ நாலு குமிழி வரும். பொறுமை இழந்த மனது உடனே மின்னழுத்தத்தைக் கூட்டச் சொல்லும். சென்னை ரிச்சி தெருவில் டயோடு சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. நாலு டயோடு சேர்ந்தால் ஒரு பிரிட்ஜ் ரெக்டிஃபையர். வீட்டு பிளக்கிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்சாரம் ஒரே திசையில் துடிக்கும் மின்சாரமாகிவிடும். அதன் உச்சம் 325 வோல்ட். பேட்டரி எங்கே, இது எங்கே! குமிழி மழையாகக் கொட்டும் என்று எதிர்பார்ப்பது இயல்பே.

குமிழி கூடத்தான் செய்கிறது. அதோடு கூடவே நடப்பதைப் பார்க்க வேண்டும். கரண்ட் நன்றாகப் பாயட்டும் என்று உப்பு போட்டிருந்தால், நேர்முனையில் ஆக்ஸிஜனுக்குப் பதிலாக பெரும்பாலும் குளோரின் வருகிறது; பிளீச்சிங் பவுடர் வாடை மூக்கைத் துளைக்கும். எதிர்முனைப் பக்கம் நீர் வழவழப்பாகிக் காஸ்டிக் சோடாவாக மாறத் தொடங்கும். முனைகளாக எவர்சில்வர் கரண்டியை வைத்திருந்தால் நேர்முனைக் கரண்டி அரித்து, பழுப்பும் பச்சையுமாகக் கசடு இறங்கும். அதில் நஞ்சான குரோமியமும் சேரக்கூடும். எல்லாவற்றையும் மிஞ்சுவது சூடு. டம்ளர் கையால் தொட முடியாதபடி கொதிக்கத் தொடங்கும். ஹைட்ரஜன் செய்ய உட்கார்ந்தவர் கடைசியில் செய்தது, ஆபத்தான ஒரு வெந்நீர் அடுப்பு.

ஏன் இப்படி? வரலாறே முதலில் இதே தவறான வாசலில்தான் நுழைந்தது. 1789இல் ஆலந்து நாட்டில் வான் ட்ரூஸ்ட்விக், டைமன் என்ற இருவர், உராய்வால் மின்சாரம் உண்டாக்கும் இயந்திரத்தையும், மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் லேடன் ஜாடியையும் வைத்து நீருக்குள் மின்பொறி பாய்ச்சினார்கள். அழுத்தம் பல ஆயிரம் வோல்ட். கிடைத்ததோ துளித்துளியாக வாயு. போதிய அளவு சேர்ந்து கம்பியின் நுனி வெளியே தெரிந்ததும், அடுத்த பொறி அந்த வாயுவையே பற்றவைத்து மறுபடி நீராக்கிவிட்டது. பிரித்த கையே சேர்த்தும் வைத்தது.

பதினொரு ஆண்டு கழித்து, 1800இல், இலண்டனில் வில்லியம் நிக்கல்சனும் ஆன்டனி கார்லைலும் அதே காரியத்தை வேறு விதமாகச் செய்தார்கள். வோல்ட்டா புதிதாகக் கண்டிருந்த மின்கல அடுக்கைத் தாமே கட்டிக்கொண்டார்கள். 17 வெள்ளி நாணயங்கள், அதே எண்ணிக்கையில் துத்தநாகத் துண்டுகள், இடையிடையே உப்புநீரில் ஊறிய அட்டைகள். ஆலந்துக்காரர்களின் பொறியோடு ஒப்பிட்டால் அதன் அழுத்தம் ஒன்றுமே இல்லை. ஆனால் குமிழிகள் நிற்காமல் வந்தன. பொறி ஒரு கணம் அடித்து ஓய்ந்தது. அடுக்கு ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. நீரைப் பிளந்தது அந்த ஓட்டம்.

இதை விதியாகவே எழுதிக் கொடுத்தவர் மைக்கேல் ஃபாரடே. 1830களில் அவர் கண்டறிந்த மின்பகுப்பு விதிகளில் வோல்ட்டுக்கு இடமே கிடையாது. எவ்வளவு மின்னோட்டம், எவ்வளவு நேரம் என்ற இரண்டின் பெருக்கமே வாயுவின் அளவைத் தீர்மானிக்கிறது. ஒரு ஆம்பியர் ஓட்டத்தை ஏறக்குறைய 27 மணி நேரம் விட்டால் ஒரு கிராம் ஹைட்ரஜன். ஆயிரம் வோல்ட்டில் விட்டாலும் ஒரு கிராம்தான், இரண்டு வோல்ட்டில் விட்டாலும் ஒரு கிராம்தான்.

வோல்ட் வேண்டாமா என்றால், வேண்டும்; அளவோடு வேண்டும். நீரின் பிணைப்பு அவிழக் குறைந்தபட்சம் 1.23 வோல்ட். நடைமுறை இழப்புகளையும் சேர்த்தால் இரண்டு வோல்ட் சுற்றுவட்டம். அதற்குக் கீழே போனால் வேலை நடக்காது. மேலே போனால் மிகுதியெல்லாம் வெப்பம். நேராக்கிய வீட்டு மின்சாரத்தின் சராசரி 207 வோல்ட். அதை ஒரே டம்ளரில் பாய்ச்சினால் நீர் தனக்கு வேண்டிய இரண்டை எடுத்துக்கொள்கிறது; மீதி 205 வோல்ட்டுக்குரிய சக்தி நீரைச் சூடாக்கிவிட்டுப் போகிறது. நூறு ரூபாய் மின்சாரத்தில் ஒரு ரூபாய்க்குத்தான் வேதியியல். தனக்கு வேண்டியதற்கு மேல் தண்ணீர் வாங்கிக்கொள்வதில்லை. ஆனால் கொடுத்தது மறைந்துவிடுவதும் இல்லை. எங்கேயாவது, பெரும்பாலும் நாம் கேட்காத இடத்தில், வெப்பமாக வந்து நிற்கிறது.

உயர்ந்த அழுத்தத்தை வீணாக்காமல் பயன்படுத்த வழி இருக்கிறது. ஒரு கலத்தின் நேர்முனையை அடுத்த கலத்தின் எதிர்முனையோடு இணைத்து நூறு கலங்களை வரிசையாகத் தொடுத்தால், அதே 207 வோல்ட் தலைக்கு இரண்டாகப் பங்கிடப்படும். அதே ஓட்டம் நூறு கலங்களிலும் நூறு தடவை வேலை செய்யும். பெரிய மின்பகுப்பு ஆலைகள் எல்லாம் இந்தப் பங்கீட்டில்தான் நடக்கின்றன. மேட்டூரிலும் தூத்துக்குடிப் பக்கத்துச் சாகுபுரத்திலும் உப்புநீரைப் பகுத்துக் காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுத்தது இப்படித்தான். பக்ரா அணையின் மின்சாரத்தை நம்பிப் பஞ்சாபின் நங்கலில் எழுந்த உர ஆலையில் நீரையே பகுத்து ஹைட்ரஜன் எடுத்தார்கள்; அதிலிருந்து 1962 முதல் அணுசக்தித் துறைக்குக் கனநீரும் கிடைத்தது. மொட்டை மாடிக்காரர் மந்திரமாக நினைத்தது, அங்கே நாள்சம்பளம் வாங்கிக்கொண்டு ஷிப்ட் முறையில் பார்க்கப்பட்ட வேலை.

ஆனாலும் மொட்டை மாடிக்காரரை எள்ளி நகையாட மனம் வரவில்லை. தன் கையால் தண்ணீரை இரண்டாக்கிப் பார்க்கும் ஆசை நல்ல ஆசை. அதற்குச் சின்ன பேட்டரி போதும். வீட்டு மெயின் லைன் கூடாது. டிரான்ஸ்ஃபார்மர் நடுவில் இல்லாமல் நேராக்கப்பட்ட மெயின்ஸ், ஈரக் கையோடும் ஈரத் தரையோடும் சேரும்போது எமனாகிவிடும். கசிவு கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் சாதாரண ஈ.எல்.சி.பி., நேர்மின்சாரக் கசிவைக் கண்டுகொள்ளாமலும் போகலாம். துடிப்பைச் சீராக்கக் கெப்பாசிட்டர் சேர்த்திருந்தால், சுவிட்சை அணைத்த பிறகும் அதற்குள் 325 வோல்ட் வரை காத்துக்கொண்டிருக்கக்கூடும். காற்றில் 4 முதல் 75 சதவீதம்வரை எந்த விகிதத்தில் கலந்தாலும் ஹைட்ரஜன் பற்றும். அதற்குக் கண்ணுக்குத் தெரியாத பொறி போதும். ஆசை தவறில்லை. தவறு, ஆசையோடு ஒட்டிக்கொண்டு வரும் ஒரு நம்பிக்கையில் இருக்கிறது: செலவில்லாமல் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை.

தமிழ்நாட்டுக்கு அந்த நம்பிக்கையின் ருசி தெரியும். 1996இல் ராஜபாளையம் பக்கத்திலிருந்து மூலிகைப் பெட்ரோல் செய்தி கிளம்பியபோது, தண்ணீரில் தழையைப் போட்டு எரிபொருள் எடுத்துவிடலாம் என்று நாடே சில வாரம் மயங்கி நின்றது. படித்தவர், படிக்காதவர் வித்தியாசம் அந்த மயக்கத்துக்கு இல்லை. அறிவியல் சோதனையில் அது நிற்கவில்லை. பிறகு நீதிமன்றம் ஏறியது. அதே 1996இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், உயர் மின்னழுத்தத் துடிப்புகளால் தண்ணீரை எரிபொருளாக்கிக் காரோட்டுவதாகச் சொன்ன ஸ்டான்லி மேயரின் கருவியை நிபுணர்கள் ஆராய்ந்தார்கள். வழக்கமான மின்பகுப்பைத் தவிர அதில் புதிதாக ஒன்றுமில்லை. அப்பட்டமான மோசடி என்று நீதிமன்றம் தீர்ப்பளித்து, முதலீட்டாளர்களின் பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது.

கணக்கு எளியது. ஒரு லிட்டர் நீரைப் பிளக்கக் குறைந்தது 4.4 யூனிட் வேண்டும். அதே லிட்டரை ஆவியாக்க ஆவதைப்போல் ஆறரை மடங்கு. பிளந்ததை மறுபடி எரித்தால் அதே 4.4 யூனிட் வெப்பம் திரும்ப வரும். அதற்கு மேல் ஒரு சல்லிக் காசும் வராது. நடுவில் இருக்கும் கருவிகள் தத்தம் கமிஷனை எடுத்துக்கொள்ளும். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஆலைகள் 50 யூனிட்டுக்கு மேல் செலவிடுகின்றன. அதை இன்ஜினில் எரித்துச் சக்கரத்தைச் சுழற்றினால் பத்து யூனிட் வேலை தேறுவது பெரிது. தண்ணீர், ஏற்கெனவே எரிந்து முடிந்த ஹைட்ரஜன். அதைத் திரும்ப எரியவைக்க, எரிந்தபோது வெளியே போனதை எல்லாம் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

அப்படியானால் ஒன்றிய அரசு 2023இல் 19,744 கோடி ரூபாய் ஒதுக்கித் தொடங்கிய பசுமை ஹைட்ரஜன் இயக்கமும் வீண்தானா? இல்லை. அது இலவசத்தைக் கேட்கவில்லை. நண்பகலில் மிஞ்சும் சூரிய மின்சாரத்தையும் ஆடிக் காற்றில் மிஞ்சும் காற்றாலை மின்சாரத்தையும் நட்டத்தோடு சேமித்துவைத்து, வேறு வழியில்லாத உரத்துக்கும் எஃகுக்கும் கொடுக்கலாம் என்கிறது. நட்டத்தை முன்கூட்டியே நோட்டில் எழுதிக்கொண்டு தொடங்குகிறது. விஞ்ஞானத்துக்கும் வித்தைக்கும் உள்ள வேறுபாடு அந்த ஒரு வரியில் இருக்கிறது. வித்தைக்காரரின் நோட்டில் செலவுப் பக்கம் காலியாக இருக்கும்.

செலவுப் பக்கம் காலியாக இருக்கும் நோட்டு மொட்டை மாடியில் மட்டும்தான் இருக்கிறதா? இங்கே மரக்காணத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது.

உப்பு மலிவான பொருள். ‘உப்புக்குப் பெறாதது’ என்றால் மதிப்பே இல்லாதது என்று பொருள். அந்த மலிவுக்கு முதல் காரணம், ஒரு கிலோவுக்கு 25 யூனிட் வெயில் பில் இல்லாமல் வருவது. ஆனால் அந்த வெயில் பாத்தியில் மட்டும் விழுவதில்லை. காலையிலிருந்து உப்புநீருக்குள் நின்று பலகை இழுக்கும் ஆள் மேலும், கூடை சுமக்கும் பெண் மேலும் அதே வெயில் விழுகிறது. நேராக விழுவது ஒரு பங்கு, வெள்ளை உப்பில் பட்டு முகத்துக்குத் தெறிப்பது இன்னொரு பங்கு. தண்ணீர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு ஆவியாகிவிடுகிறது. மனித உடம்பும் வியர்வையாகத் தன் தண்ணீரை ஆவியாக்கித்தான் அந்தச் சூட்டைத் தள்ளுகிறது. தள்ள முடியாத மிச்சம் உள்ளேயே தங்கிவிடுகிறது.

இது உருவகமாகச் சொன்னதில்லை. சென்னை ஸ்ரீராமச்சந்திரா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைச் சோதித்தார்கள். ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர், பாதுகாப்பானது என்று பரிந்துரைக்கப்பட்ட வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்தார்கள். நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரகத்தின் செயல்திறன் குறைந்திருந்தது. குடிக்க நல்ல தண்ணீரும் ஒதுங்க நிழலும் ஒரு கழிப்பறையும் போதுமான அளவுக்கு இல்லாத இடங்களில், குறிப்பாகப் பெண்கள், தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். உப்பை விட்டுத் தண்ணீர் பிரியும் அந்த நிலத்தில், உழைப்பவர் உடம்பை விட்டும் தண்ணீர் பிரிந்துகொண்டிருக்கிறது. ஒரு கிலோ உப்பின் விலையில் சிறுநீரகத்துக்கு எத்தனை பைசா என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

மழைக்காலத்தில் அளம் மூழ்கிக் கிடக்கும் மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் என்று தமிழ்நாடு அரசு அறிவித்து வழங்கத் தொடங்கியது. தொகை சிறிது, ஆனால் அது நோட்டில் விழுந்த வரி. ஒருவரும் செலவு என்றே கருதாமல் விட்டிருந்த மூன்று மாதப் பட்டினியை, செலவுதான் என்று ஒப்புக்கொண்ட வரி. நிழற்கூரையும் குடிநீர்ப் பானையும் ரப்பர் காலணியும் மதிய ஓய்வும் அப்படி எழுதப்பட வேண்டிய அடுத்தடுத்த வரிகள். எழுதினால் உப்பு விலை கொஞ்சம் ஏறும். ஏறட்டுமே. இப்போதும் அந்த விலை கொடுக்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. கொடுப்பவர் வேறு ஆள், அவ்வளவுதான்.

மின்பகுப்பு டம்ளர் கற்றுத்தரும் பாடம் இதைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை. 207 வோல்ட் கொடுத்து இரண்டுக்கு மட்டும் வேலை வாங்கியபோது மீதி 205 காற்றோடு போகவில்லை, டம்ளர் சுட்டது. வெயிலுக்குப் பணம் கட்டாமல் உப்பு எடுத்தபோதும் அப்படியே. அங்கே சுட்டது ஆள். ஒரு பொருள் சும்மா கிடைப்பதாகவோ, நம்ப முடியாத மலிவில் கிடைப்பதாகவோ தெரிந்தால், அதன் செலவு இல்லாமல் போய்விட்டது என்று மகிழக் கூடாது. எங்கே சுடுகிறது என்று கை வைத்துப் பார்க்க வேண்டும். கட்டாயம் ஓரிடம் சுடும். தண்ணீரில் ஓடும் வண்டியை நம்பி ஏமாறாமல் இருக்க இந்த ஒரு பழக்கம் போதும். நாம் தின்னும் உப்புக்கு நேர்மையாக இருக்கவும் இதே பழக்கம்தான் வேண்டும்.

ஃபாரடே கண்ட விதியில் கடன் கிடையாது, தள்ளுபடி கிடையாது, கணக்கில் விடுபட்ட வரியும் கிடையாது. வரியை விட்டுவிடுவது மனிதர் மட்டும்தான். விட்டுப்போன வரி எப்போதும் ஏழையின் உடம்பில்தான் போய் எழுதப்படுகிறது. அதைத் தேடிப் படித்து, இருக்க வேண்டிய நோட்டில் திரும்ப எழுதுவதற்கு உதவாவிட்டால், தண்ணீரை இரண்டாகப் பிளக்கக் கற்றதில் அறிவு இருக்கலாம், அறம் இல்லை.